இரண்டு மார்க்குக்காக ஒரு நடை

புதுக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் மூன்று பக்கமும் மாமியாரைப் பற்றியது. அதை நான் இங்கே தொடப் போவதில்லை. என் மாமியாரும் இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவர். விஷயம் நாலாவது பக்கத்தில்தான் இருக்கிறது.

அவருடைய பெண்ணுக்கு வயது பதினாலு. தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. வருஷப் பரீட்சையில் மற்றப் பாடங்களில் எல்லாம் குறை சொல்ல முடியாத மார்க்கு. கணக்கில் மட்டும் 33. தேறுவதற்கு வேண்டியது 35. பள்ளிக்கூடத்தில், "மறுபடியும் ஒன்பதிலேயே உட்காரட்டும், இஷ்டமில்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். கணவர், "படிக்காதது அவள் தப்பு. நாம் போய் நின்றால் நாளைக்கு எதற்கெடுத்தாலும் நம்மைத்தான் பிடித்துத் தள்ளுவாள். பேசாமல் இரு" என்கிறார். மாமியார், "நமக்கு ஆளா இல்லை? பெரிய இடத்திலிருந்து ஒரு போன் போட்டால் முடிந்து போகிற காரியம்" என்கிறார். பெண் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 'நான் பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா, கூடாதா? ஒரு வரியில் பதில் எழுதுங்கள்' என்று கடிதம் முடிகிறது.

ஒரு வரி எதற்கு? 'போங்கள்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுவேன். ஆனால் எதற்காகப் போவது, போய் எதைக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அநுபவமும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் வேறு இரண்டொரு சமாசாரங்கள்.

முதலில் அந்தப் பெண் சாப்பிடட்டும். 'பதினாலு வயசுக் கழுதைக்கு இரண்டு மார்க்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று பெரியவர்களுக்குத் தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த மாநிலத்தின் இஷ்டத்துக்கு விட்டார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன்னுடைய பள்ளிகளில் நிறுத்தி வைக்கலாம் என்று விதி செய்தபோதும், தமிழ்நாடு பழைய வழியிலேயேதான் போவோம் என்று சொல்லிவிட்டது. நல்லதுதான், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அதனால் நேர்ந்திருப்பது என்ன? நம் ஊர்க் குழந்தைக்கு 'ஃபெயில்' என்ற வார்த்தை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்பதாம் வகுப்பில்தான் காதில் விழுகிறது. ஏழு வயசில் விழுந்திருந்தால் அழுதுவிட்டு விளையாடப் போயிருக்கும். பதினாலு வயசிலோ, கண்ணாடியில் தெரிகிற மூக்கே சரியில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற காலம். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடமும், 'நீ போதாது' என்று சொன்னால்?

ஆகவே அந்த மூன்று நாள் பட்டினியை அலட்சியமாக நினைக்காதீர்கள். இரவில் அவளைத் தனி அறையில் படுக்க விடாதீர்கள். மார்க்கைப் பற்றிப் பேசாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டாலே போதும். வீட்டாரால் சமாளிக்க முடியவில்லை என்று பட்டால் 104 என்ற எண்ணுக்கோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்கோ போன் செய்யலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, இப்போது கணவரின் கட்சிக்கு வருவோம். பெற்றோர் தலையிடவே கூடாது என்கிறார். இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்கிறாரே என்றுதான் எனக்கு ஆச்சரியம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் அல்லவா புதுக்கோட்டை? 1886-இல் பிறந்த அந்தப் பெண்ணுக்கு வயசு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. தகப்பனார் நாராயணசாமி, 'விதி' என்று சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே படிக்க ஏற்பாடு செய்தார். பெண் 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினாள். பிறகு மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பம். பையன்கள் படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா என்று பெரிய எதிர்ப்பு. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு உத்தரவு கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. அதைத் தலையீடு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? ஆனால் ஒன்று கவனியுங்கள். தகப்பனார் கேட்டதெல்லாம் கதவைத் திறந்துவிடுங்கள் என்பதுதான். உள்ளே போய் மார்க்கு வாங்கியது பெண். அதை அவருக்காக யாரும் கேட்டு வாங்கவில்லை.

மார்க்கு விஷயமாகவே போய் நின்ற ஒரு தாயாரும் நம் சரித்திரத்தில் உண்டு. கும்பகோணம் கோமளத்தம்மாள். அவருடைய பிள்ளை ராமாநுஜன், 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்று இருந்தவன், ஆங்கிலத்தில் தவறிவிட்டான். உபகாரச் சம்பளம் போயிற்று. ஒரு பருவத்துக்கு 32 ரூபாய் கட்ட வேண்டும். ஜவுளிக் கடைக் கணக்கரான தகப்பனாருக்கு மாதச் சம்பளமே 20 ரூபாய். கோமளத்தம்மாள் நேரே கல்லூரித் தலைவரிடம் போனார். கணக்கில் என் பிள்ளைக்கு நிகர் உண்டா, அவனுக்கா உபகாரச் சம்பளம் இல்லை என்று வாதாடினார். தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் விதி விதிதான் என்று கை விரித்துவிட்டார்.

1905 ஆகஸ்டில் பதினேழு வயசுப் பிள்ளை வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டான். பிள்ளையைக் காணோம் என்று பத்திரிகையில் அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று. பிறகு திரும்பி வந்தான். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. பரீட்சையில் மறுபடியும் தவறினான். அந்தப் பிள்ளைதான் 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 'ராமாநுஜனே ஃபெயிலானார், நீ எந்த மூலை?' என்று உங்கள் பெண்ணிடம் சொல்லித் தொலைக்காதீர்கள். அவளுக்கு அது ஆறுதலாக இருக்காது. எனக்கு இந்தக் கதையில் உறைப்பது வேறு. தாயார் போய்க் கேட்டபோது வளையாத விதி, 1913-இல் வளைந்தது. பட்டமில்லாத அந்தக் குமாஸ்தாவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது. நடுவில் நடந்தது என்னவென்றால், அவருடைய நோட்டுப் புத்தகத்தைச் சிலர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். கோமளத்தம்மாள் என் பிள்ளை கெட்டிக்காரன் என்று சொன்னார். நோட்டை யாரும் அன்றைக்குத் திறந்து பார்க்கவில்லை.

இனி என் கதை.

நான் அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு மளிகைக் கடை. 2003-இல் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் எனக்கு 32. பள்ளியின் பெயர் வேண்டாம். அதன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. எங்கள் கணக்கு டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "லீவிலே தினம் காலையில் வீட்டுக்கு வா. அல்ஜீப்ரா முழுவதும் முதலிலிருந்து சொல்லித் தருகிறேன். ஜூனில் மறு பரீட்சை வைக்கச் சொல்லிக் கேட்கிறேன்" என்று சொன்னார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா காரியத்தை முடித்துவிட்டார். கடைக்கு வருகிற ஒரு பெரிய மனிதரை அழைத்துக்கொண்டு போனார். பத்து நிமிஷந்தான். 32 என்பது 35 ஆகிவிட்டது.

அன்று இரவு வீட்டில் பாயசம். மறு நாள் காலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலிலேயே நின்று, "நீதான் பாஸாயிட்டியேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கதவு மட்டும் சாத்திக்கொண்டது.

பத்தாம் வகுப்பில் அதே டீச்சர்தான். அந்த வருஷம் முழுவதும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. தண்டிக்கவும் இல்லை. எழுப்பி நிறுத்திக் கேட்டால் நாளைக்கு யார் வந்து நிற்பார்களோ என்று நினைத்திருக்கலாம். நானும் எப்படியோ மனப்பாடம் பண்ணித் தேறினேன். இன்றைக்கும் எனக்கு அல்ஜீப்ரா தெரியாது. பத்திரிகை வேலைக்கு அது வேண்டியதில்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், மேலே என்ன படிப்பது என்று தீர்மானித்த ஒவ்வொரு தடவையும் நான் கணக்கு இல்லாத பக்கமாகத் தேடித் தேடிப் போயிருக்கிறேன். அப்பாவிடம் இதை நான் சொன்னதில்லை. மூன்று மார்க்குக்காக ஒருவர் முன்னால் கை கட்டி நின்ற மனுஷர் அவர். இந்த வாரம் படிப்பார். படிக்கட்டும்.

அதே வகுப்பில் என் சிநேகிதி ஒருத்தியும் தவறினாள். அவளுக்கு 31. அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்துப் படியையே மிதித்ததில்லை. அறிவொளியில் படித்தவர். இளைய தலைமுறைக்கு அறிவொளி என்றால் தெரியாமல் இருக்கலாம். 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயத்தில் நடந்த எழுத்தறிவு இயக்கம் அது. வயல் வேலைக்கும் கல் உடைக்கவும் போகிற பெண்கள் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து 'பட்டா', 'படி' என்று எழுதிப் பார்த்தார்கள். பகலில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் தாவணியும் புடவையுமாக மிதித்துக்கொண்டு போனதைப் பார்க்க வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். அந்த இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர்களில் சிநேகிதியின் அம்மாவும் ஒருவர்.

அவர் பெண்ணையும் கூட அழைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். தலைமையாசிரியை அறையில் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே, "எம்பொண்ணு எழுதுன பேப்பரைக் கொஞ்சம் பாக்கலாங்களா, டீச்சர்?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பேப்பரை எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிவப்பு மசியில் போட்டிருந்த எண்களை விரல் விட்டுக் கூட்டினார். 31 சரிதான், கூட்டலில் தப்பு இல்லை. கடைசியில் இரண்டு பக்கம் வெறுமையாக இருந்தது. "இது என்ன டீச்சர், ஒண்ணுமே எழுதலே?" என்றார். டீச்சர், "ஜியாமெட்ரி. முக்கோணம் வரைய வேண்டும், தொடவேயில்லை. மற்றப் பிள்ளைகளெல்லாம் அதிலேதான் மார்க்கு வாங்கும்" என்றார்.

நிஜந்தான். நம் பாடத் திட்டத்தில் கணக்குப் பயந்த பிள்ளைக்குக் கை கொடுக்கிறவை ஜியாமெட்ரியும் கிராஃபும். பழகிவிட்டால் மார்க்கு தப்பாது.

அம்மா பெண்ணைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்: காம்பஸ் மரை கழன்று போய் ஆறு மாதமாகிறது. பென்சில் நிற்காது. வகுப்பில் பக்கத்துப் பெண்ணிடம் வாங்கிக்கொள்வாள். பரீட்சையில் வாங்க முடியாதல்லவா? வீட்டில் ஏன் கேட்கவில்லை என்றால், அந்த வருஷம் மழை இல்லை, வேலை இல்லை. கேட்க மனசு வரவில்லை.

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மார்க்கு ஒன்றும் மாறவில்லை. அந்தத் தாயார் அதைக் கேட்கவும் இல்லை. டீச்சர்தான், "ஜூனில் ஒரு மறு பரீட்சை வைப்போமே" என்றார். காம்பஸ் வாங்கினார்கள். அவள் ஜூனில் 48 வாங்கினாள். அந்த லீவு முழுவதும் டீச்சர் வீட்டில் காலையில் அல்ஜீப்ரா படித்தவள் அவள்தான்.

ஒன்பதாம் வகுப்பில் தேர்வு, திருத்தம், முடிவு எல்லாம் பள்ளிக்கூடத்தின் கையில் இருக்கிறது. அதனால்தான் பேப்பரைக் காட்டுங்கள், மறு பரீட்சை உண்டா என்று கேட்க இடமிருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைக்க ஆசைப்பட்டு, கொஞ்சம் தடுமாறுகிற பிள்ளையை ஒன்பதிலேயே கழித்துக் கட்டுகிற பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. '33 வாங்கிய பெண் 35 வாங்க என்ன உதவி செய்வீர்கள்?' என்று கேட்டால் பதில் சொல்லாமல் டி.சி. என்ற இரண்டெழுத்தையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்களா? அப்படியானால் அங்கே சிரமம் உங்கள் பெண்ணிடம் இல்லை. அப்போது நீங்கள் குரலை உயர்த்தினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனுப் போடவும் தயங்க வேண்டாம்.

பிளஸ் டூ வீடுகளிலிருந்தும் இதே கேள்வி வருகிறது என்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுத் தேர்வில் யார் வீட்டுக்கும் போய்க் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். வழி தெளிவாக இருக்கிறது. விடைத்தாளின் நகல் வேண்டும் என்று பள்ளி மூலமாக விண்ணப்பிக்கலாம். நகல் கையில் வந்த பிறகு கூட்டல் சரிதானா என்று மட்டும் பார்க்கச் சொல்லலாம். அல்லது மறு மதிப்பீடு கேட்கலாம். விண்ணப்பிக்கக் கொடுக்கிற அவகாசம் சில நாட்கள்தான். அழுது தீர்ப்பதற்குள் தேதி கடந்துவிடும். ஆகையால் முடிவு வந்த மறு நாளே யாராவது ஒரு பெரியவர் பள்ளிக்குப் போய் விசாரியுங்கள். நகலை அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிக் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள். செய்முறை உள்ள பாடங்களில் மொத்தம் 35 இருந்தால் மட்டும் போதாது. எழுத்துத் தேர்வின் 70-இல் 15 ஆவது வேண்டும். செய்முறையில் முழு மார்க்கு இருக்கிறதே, எப்படி ஃபெயில் என்று பல வீடுகளில் சண்டை நடப்பது இது தெரியாமல்தான். துணைத் தேர்வும் முன் போலச் செப்டம்பர் வரையில் காத்திருக்க வேண்டியதாக இல்லை. ஓரிரு மாதத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதே வருஷம் கல்லூரியில் சேரலாம். தகப்பனார் தலையிட வேண்டிய இடம் அந்த ஓரிரு மாதந்தான்.

புதுக்கோட்டைச் சகோதரிக்கு:

மாமியாரிடம் அந்தப் பெரிய இடத்துப் போன் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார், நாலாம் நாள் சரியாகிவிடும். கணவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்காக அவரையும் கூட அழைத்துப் போங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிட்டு நீங்கள் போங்கள். பெண் கட்டாயம் உடன் வரட்டும். அவளை வெளியே பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே பேசாதீர்கள். முப்பத்தைந்து போடுங்கள் என்று கேட்க வேண்டாம். பேப்பரைக் கேளுங்கள். கூட்டிப் பாருங்கள், கூட்டலில் தப்பிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். டீச்சரைக் கேட்பதற்கு முன்னால் அவளைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமையே போய் வாருங்கள். முந்தின நாள் இரவு அவள் தூங்கின பிறகு, புத்தகப் பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.